நாலு இருபதுக்கு நிற்கும் அலை

அத்தியாயம் 7

பல் டாக்டரைக் கொன்றது அவர் பெண்டாட்டிதான் என்று தெரு தீர்ப்பு எழுதி ஒன்பது நாளாகிவிட்டது. போலீஸ்தான் இன்னும் எழுதவில்லை. அவர்களும் இன்று மாலை ஆறு மணிக்கு எழுதிவிடுவதாக இருந்தார்கள்.

தெருவையும் குறை சொல்ல முடியாது. ஹால் தரையில் டாக்டரின் ரத்தம் கிடந்தது. அவர் மனைவிக்கு ஆடை தைக்கும் கம்பெனியில் கட்டிங் வேலை. அவளுடைய பெரிய கத்தரிக்கோலிலும் அதே ரத்தம். பின்வாசல் வரை எதையோ இழுத்துப் போன தடம். போதாததற்கு, அதற்கு முந்தின வாரம்தான் அவள் விவாகரத்து கேட்டிருந்தாள். கேட்டதை மெதுவாகவாவது கேட்டிருக்கலாம். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டதில், எதிர்வீட்டுக்காரர்கள் டி.வி.யை நிறுத்திவிட்டு இதைக் கேட்டார்கள். உடம்பு மட்டும் கிடைக்கவில்லை. போலீஸ் சாக்கடைகளைக் கிளறிக்கொண்டிருந்தது. எந்தச் சாக்கடையை முதலில் கிளறலாம் என்று தெருவில் ஆளுக்கொரு யோசனை இருந்தது.

அவள் பேச்சை நம்பியவர்கள் இரண்டே பேர். அதிலும் ஒருவர் அரைமனதாக.

முழுமனதாக நம்பியவர் சர்வேயரம்மா. எரிந்துபோன குடோன்களை டேப் வைத்து அளந்து, எது தானாக எரிந்தது, எதை எரித்தார்கள் என்று இன்ஷூரன்ஸ்காரர்களுக்குச் சொல்வது அவருடைய பழைய தொழில். இப்போது குடோனுக்குப் பதிலாக மனிதர்கள். அரைமனதுக்காரன் அவருடைய கணவரின் தம்பி. வண்டி ஓட்டுவது, போன் எடுப்பது, கேட்காமலேயே கருத்துச் சொல்வது என்று மூன்று வேலை பார்ப்பவன். கொழுந்தனார் என்று சொல்ல வேண்டியவன்தான். ஆனால் வீட்டில் அவனுக்கு நடக்கிற மரியாதைக்குக் கொழுந்தன் என்பதே தாராளம்.

மணி நாலு பதினைந்து. இவர்கள் இருவரும் டாக்டரின் மனைவியுமாக மூன்று பேர், டாக்டர் வீட்டு ஹாலில் ஒரு மீன்தொட்டியின் முன் நின்றார்கள்.

இரண்டடி நீளக் கண்ணாடித் தொட்டி. மேலே ஒரு நீல விளக்கு, தாழ்வாகத் தொங்கியது. உள்ளே கடல் தண்ணீர், நாலைந்து பாறை, பாறைமேல் விரல் விரலாகச் சதை நீட்டிக்கொண்டிருக்கும் பவளங்கள், இரண்டு சின்ன மீன். வலதுபக்கக் கண்ணாடியில் ஒட்டியிருந்த கைப்பிடியளவு பம்ப் விட்டுவிட்டுத் தள்ள, மொத்தத் தண்ணீரும் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஏறி இறங்கியது. பவளங்களின் விரல்களெல்லாம் ஒரே நேரத்தில் இடதுபக்கம் சாய்ந்தன, ஒரே நேரத்தில் வலதுபக்கம் சாய்ந்தன. வெளியே மழை கட்டி வந்ததில் அறையில் வேறு வெளிச்சமே இல்லை. சுவர், சோபா, மூன்று பேர் முகம் எல்லாமே நீலமாகத் தளும்பியது.

"இதைப் பாத்துக்கிட்டே இருந்தா எனக்கு வயித்தைப் பிரட்டுது அண்ணி" என்றான் கொழுந்தன். "கப்பல்ல போற செலவு மிச்சம்."

"காலையில வீட்டைச் சுத்திப் பாக்கச் சொன்னேனே, பாத்தியா தம்பி?"

"பாத்தேன்."

"பின்பக்கம்?"

"அதையும்தான்" என்றவன், தொட்டியிலிருந்த மீனைத் திடீரென்று உற்றுப் பார்த்தான்.

டாக்டரின் மனைவி அவர்கள் பேச்சில் கலந்துகொள்ளவில்லை. ஒன்பது நாளில் கன்னம் ஒட்டியிருந்தது. எட்டு வயது மகளை அக்கா வீட்டில் விட்டிருந்தாள். ஆறு மணிக்கு மேல் அந்தப் பிள்ளை யாரிடம் வளரும் என்பதைத் தவிர அவள் தலையில் வேறு எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

"இதுல நான் கையே வைக்கிறதில்ல மேடம். வைக்கவும் விடமாட்டாரு. புதுசா கல்யாணமான வருஷம் ஒரு தடவை கண்ணாடியைத் துடைச்சிட்டேன். மூணு நாள் என்கூட பேசல." அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். "நாலு இருபதுக்கு அந்த டப்பாவைப் பாருங்க. அப்புறம் தண்ணியைப் பாருங்க."

தொட்டி விளிம்பில் மாட்டியிருந்த டப்பா ஒன்று மெல்ல உறுமியது. அரைச்சுற்றுச் சுற்றி, ஒரு சிட்டிகை தூளைத் தண்ணீரில் கொட்டியது. கடிகாரம் வைத்து இரை போடுகிற சாதாரண டப்பா.

அதே நொடியில், சுவரில் இருந்த பம்ப் கன்ட்ரோலர் 'பீப்' என்றது.

அலை நின்றது.

நின்றது என்றால், யாரோ கையை உயர்த்தி 'போதும்' என்று சொன்னதுபோல் நின்றது. தண்ணீர் கடைசியாக ஒருமுறை ஏறி, இறங்கி, தட்டையானது. தூள் மழைபோல நேராக இறங்கியது. பவளங்களின் விரல்கள் ஒவ்வொன்றாகச் சுருண்டு அதைப் பிடித்து உள்ளே இழுத்தன.

கன்ட்ரோலருக்கும் அவர்களுக்கும் நடுவில் ஆறடி. யாரும் அதைத் தொடவில்லை.

"தினமுமா?" என்றார் சர்வேயரம்மா.

"தினமும். முன்னெல்லாம் இந்த நேரத்துக்கு அவரே வந்து நின்னு நிறுத்துவாரு. கிளினிக்ல ஆளு வாயைத் திறந்துக்கிட்டு உக்காந்திருந்தாலும் விட்டுட்டு வருவாரு." அவள் குரல் இறங்கியது. "செத்தும் வர்றாரு மேடம். இந்தப் பவளத்துக்குச் சோறு போட."

கொழுந்தன் கடிகாரத்தையும் தண்ணீரையும் மாறி மாறிப் பார்த்தான்.

சரியாகப் பத்து நிமிஷம். மறுபடி அலை தானாக எழுந்தது.

*

வண்ணமீன் கடை நான்கு தெரு தள்ளி. ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே வந்தார் கடைக்காரர். மீனைப் பற்றிக் கேட்டால் அவருக்கு நாள் முழுக்கப் பேச வரும். கொலையைப் பற்றிக் கேட்டால் அதைவிட அதிகமாக வரும். சர்வேயரம்மா முதலாவதோடு நிறுத்திக்கொண்டார்.

"அந்த பம்ப் தானா நிக்குமா?"

"தானா ஓடும். தானா நிக்காது. இரை போடும்போது ஒரு பட்டன் இருக்கு, அதை அமுக்கணும். பத்து நிமிஷம் நின்னு, அப்புறம் அதுவே ஓட ஆரம்பிச்சிடும். நிறுத்தலைன்னா அலையில தூளெல்லாம் மூலையில இருக்கிற வடிகட்டிக்குள்ள போயிடும். பவளம் பட்டினி."

"கடிகாரம் வச்சு நிறுத்த முடியாதா?"

"அந்த மாடல்ல முடியாதும்மா. ஒண்ணு சுவத்துல இருக்கிற பெட்டியில அமுக்கணும், இல்லேன்னா ரிமோட்டுல."

"ரிமோட் எவ்வளவு தூரம் எடுக்கும்?"

"இருபதடி. நடுவுல காங்கிரீட் இருந்தா அதுலயும் கொஞ்சம் குறைச்சுக்கங்க."

சர்வேயரம்மா கொழுந்தனைப் பார்த்தார். போலீஸ் எழுதிய பொருள் பட்டியலை அவன் காலையில்தான் படித்துக் காட்டியிருந்தான். மூன்று பக்கம். டாக்டரின் பல் தேய்க்கும் பிரஷ் வரை எழுதியிருந்தார்கள். ரிமோட் இல்லை.

"இதுல அலை எப்படிங்க வருது?" என்றான் கொழுந்தன். "பம்ப் அவ்வளவூண்டு இருக்கு. தண்ணி அந்த ஆட்டம் ஆடுதே?"

கடைக்காரரின் முகம் மலர்ந்துவிட்டது. இந்தக் கேள்வியை அவர் மனைவி ஒருநாளும் கேட்டதில்லை போலிருக்கிறது.

"ஊஞ்சல் மாதிரி தம்பி. ஊஞ்சல் வர்ற நேரம் பாத்துத் தள்ளினா ஒரு விரல் போதும். நேரம் தவறித் தள்ளினா கைதான் வலிக்கும். தொட்டித் தண்ணிக்கும் ஒரு ஆட்டம் உண்டு. பம்ப் அந்த ஆட்டத்துக்கு விட்டுவிட்டு அடிக்கணும். இரண்டடித் தொட்டின்னா ஒரு நொடிக்குக் கொஞ்சம் குறைச்சலா வரும். ஆனா அது தண்ணி மட்டம், உள்ள இருக்கிற கல்லு எல்லாத்தையும் பொறுத்தது. புத்தகத்தைப் பாத்து வைக்கவே முடியாது."

"பின்ன எப்படி வைப்பீங்க?"

"கண்ணுதான். தண்ணியைப் பாத்துக்கிட்டே ஒவ்வொரு படியா கூட்டணும், குறைக்கணும். சரியான இடம் தாண்டிட்டா அலை செத்துடும். உடனே ஒரு படி திரும்பி வரணும். டாக்டர் அதுல கில்லாடி." அவர் குரலைத் தாழ்த்தினார். "ஆனா ஒரு விஷயம் எனக்குப் புரியவே இல்ல. போன்ல வச்சு ஓட்டுற மாடல் அவர்கிட்ட இருந்துச்சு. ஊரே ரிமோட்டை விட்டுட்டு போனுக்கு மாறுது. இவரு ரெண்டு வாரம் முன்னாடி அதைத் திருப்பிக் கொடுத்துட்டு, பழைய ரிமோட் மாடலைத் தேடி வாங்கிட்டுப் போனாரு. ஏன் டாக்டர்னு கேட்டேன். 'போன் எப்பவும் கையில இருக்காது'ன்னாரு."

சர்வேயரம்மா நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தார். வண்டிக் கதவைத் திறந்தவர் உட்காராமல் அப்படியே நின்றார்.

"அந்தம்மா கொல்லலைன்னு வச்சுக்கோ. அப்போ ரிமோட்டைக் கொலைகாரன்தான் எடுத்துட்டுப் போயிருக்கணும்."

"எடுத்துட்டுப் போய், தினமும் டயத்துக்கு வந்து பவளத்துக்குச் சோறு போடுறானா?" என்றான் கொழுந்தன். "இவ்வளவு நல்ல மனசுக்காரன் எதுக்கு அண்ணி கொலை பண்ணினான்?"

சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கே உறைத்தது. சாவியைத் திருகப் போன கை பாதியில் நின்றது.

"கொலையே பண்ணலைன்னா?" என்றார் சர்வேயரம்மா. "வண்டியை எடு."

*

ஐந்து இருபதுக்குத் திரும்பி வந்தார்கள். மழை பிடித்துக்கொண்டது. எதிர்வீட்டு மாடியில் இரண்டு குடைகள் நகராமல் நின்றன. ஆறு மணிக் காட்சிக்கு இடம் பிடித்துவிட்டார்கள்.

சர்வேயரம்மா ஹாலுக்குள் நுழைந்து, யாரிடமும் எதுவும் சொல்லாமல், சுவர்ப் பெட்டியின் திருகை மூன்று படி தள்ளி வைத்தார். பம்பின் அடி இழுபட்டது. அலை தடுமாறியது, தன்னோடு தானே மோதிக்கொண்டது, செத்தது. தண்ணீர் மேல்பரப்பில் வெறும் நடுக்கம் மட்டும். பவளங்களின் விரல்கள் எந்தப் பக்கம் சாய்வது என்று தெரியாமல் துவண்டன.

"அடடா, கை தவறிப் பட்டுடுச்சு" என்று எதிர்வீடு வரைக்கும் கேட்கும்படி சொன்னார். "சரி போகட்டும். வாங்கம்மா, ஒரு டீ போடுங்க. எல்லாரும் சமையக்கட்டுல உக்காந்து பேசுவோம்."

மூன்று பேரும் சமையலறைக்குள் போனார்கள். கதவை அவர் ஒருக்களித்து மூடினார். அடுப்பைப் பற்றவைக்கப் போன கையைப் பிடித்துத் தடுத்து, உதட்டில் விரலை வைத்தார்.

ஹாலில் ஆளில்லை. அங்கிருந்து வந்தது தண்ணீரின் சத்தம் மட்டும். களக், களகளக், களக். தாளமில்லாத சத்தம்.

ஒரு நிமிஷம் போனது. இரண்டு. கொழுந்தன் கண்ணாலேயே அண்ணியைக் கேலி செய்ய ஆரம்பித்திருந்தான்.

பீப்.

அவன் கண் நிலைகுத்தியது.

பீப். களகளப்புக்கிடையே ஒரு மெல்லிய ஒழுங்கு தெரிந்தது. பீப். தளக்... தளக்... ஏறக்குறைய அலைதான். பீப். மறுபடி குழம்பியது. சற்று மௌனம். யாரோ தலையைச் சாய்த்துப் பார்ப்பதுபோன்ற மௌனம்.

பீப்.

தளக். தளக். தளக். ஒரு குழந்தையைத் தட்டித் தூங்கவைப்பதுபோல அலை மறுபடி சீராக எழுந்தது.

"நாலு படி போனான்" என்று சர்வேயரம்மா மூச்சுக்காற்றில் சொன்னார். "ஒண்ணு அதிகம். தாண்டிட்டோம்னு தெரிஞ்சதும் ஒரு படி திரும்பி வந்தான். கடைக்காரர் என்ன சொன்னாரு?"

"கண்ணால பாக்காம முடியாதுன்னாரு" என்றான் கொழுந்தன். "அப்போ... பாத்துக்கிட்டு இருக்கானா?"

"தொட்டிக்கு மேல தொங்குற விளக்கு. அதோட வயர் ஒண்ணுதானே கரெண்டுக்குப் போகணும்? நான் காலையிலயே எண்ணினேன், இரண்டு போகுது. ஒண்ணு கூரைக்குள்ள போகுது. காத்தாடிக்குன்னு நினைச்சு விட்டுட்டேன், அது கேமராவோடது. முட்டாள்தனம்."

டாக்டரின் மனைவி அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். புருஷன் உயிரோடு இருக்கிறான், தன்மேல் கொலைப்பழி இல்லை. ஆனால் அவள் முகத்தில் வந்தது வேறு.

"அந்த விளக்குக்கு நேரா இருக்கிற சோபாவுலதான் மேடம் நான் ஒன்பது நாளா படுக்கிறேன். உள் அறையில தனியா படுக்கப் பயமா இருந்துச்சு." அவள் நிறுத்தி நிறுத்திப் பேசினாள். "அவர் போட்டோவை வச்சுக்கிட்டு மன்னிப்புக் கேட்டேன். நான்தான் சண்டை போட்டு அவரைச் சாகடிச்சிட்டேன்னு. சத்தம் போட்டு அழுதேன். அவரு... பாத்துக்கிட்டா இருந்தாரு?"



"இருபதடி" என்று சர்வேயரம்மா பேச்சை மாற்றினார். "இந்தப் பக்கம் ரோடு. அந்தப் பக்கம் கிளினிக், போலீஸ் சீல் வச்சிருக்கு. மேல யாரு?"

"கப்பல் இன்ஜினியர். ஆறு மாசமா வீடு பூட்டித்தான் இருக்கு. கப்பலுக்குப் போகும்போது செடிக்குத் தண்ணி ஊத்தச் சொல்லி சாவியை..." அவள் மேலே பார்த்தாள். "எங்க வீட்டுக்காரர்கிட்ட கொடுத்துட்டுப் போனாரு."

மூன்று பேரும் கூரையைப் பார்த்தார்கள். கூரை சும்மா இருந்தது.

"இன்ஸ்பெக்டருக்குச் சொல்லிடலாம் அண்ணி."

"அவர் நம்பி வர்றதுக்குள்ள இவன் இறங்கிப் போயிடுவான். கையில பிடிச்சுக் காட்டணும். பவளத்தை வச்சு நான் அவனை அங்கேயே கட்டிப் போடுறேன்." சர்வேயரம்மா அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினார். "நீங்க போனை எடுத்துக்கிட்டு வெளிக்கேட்டுல போய் நில்லுங்கம்மா. நாங்க கத்தினா உடனே இன்ஸ்பெக்டரைக் கூப்பிடுங்க. வீட்டுக்குள்ள இருக்காதீங்க."

"சரி மேடம்" என்றாள் அவள்.

கொஞ்சம் சீக்கிரமாகவே சொன்னாள். கொழுந்தன் அதைக் கவனித்தான். கவனித்ததையெல்லாம் உடனே சொல்லிவிடுகிறவன், இதை மட்டும் ஏனோ சொல்லவில்லை.

ஹாலுக்குப் போன சர்வேயரம்மா, துணிப்பையைத் தேடுவதுபோல் சுவரோரம் குனிந்தார். ஒரு கையால் பம்பை முழு வேகத்துக்குத் திருகினார். மறு கையால், ரிமோட்டின் பேச்சைக் கேட்கிற சின்ன வயரைப் பெட்டியிலிருந்து பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டார். தொட்டிக்குள் புயல் கிளம்பியது. தண்ணீர் நிற்காமல் ஒரே பக்கமாகப் பாய்ந்து, எதிரே இருந்த பெரிய பவளத்தின் விரல்களைப் பாறையோடு சேர்த்து அறைந்தது.

"இப்போ அவன் பட்டனை அமுக்கி அமுக்கிப் பாத்துக்கிட்டே இருப்பான்" என்றார் வாசலுக்கு வந்ததும். "அவன் விரல் ஓயறதுக்குள்ள நாம மேல இருக்கணும்."

கணக்கு நன்றாகத்தான் இருந்தது. பவளப் பைத்தியம் எந்த அளவுக்குப் போகும் என்பதை மட்டும் அதில் சேர்க்கவில்லை.

*

முன்மாடிப்படி ஏறினார்கள். கதவில் உள்ளங்கையளவு பூட்டு. பூட்டில் துரு. துருவில் சிலந்தி வலை.

"சிலந்தியைக் குடி வச்சிட்டுத்தான் போயிருக்காரு இன்ஜினியர்" என்றான் கொழுந்தன்.

சர்வேயரம்மா சிரிக்கவில்லை. "இந்த வழியா ஒருத்தனும் போகல. வேற வழி இருக்கணும். தம்பி, பின்பக்கம் என்ன இருக்கு?"

கொழுந்தன் பூட்டை இன்னொரு தடவை ஆட்டிப் பார்த்தான்.

"பாத்தேன்னு சொன்னியே?"

"ஒரு நாய் இருந்துச்சு அண்ணி."

"எவ்வளவு பெரிய நாய்?"

அவன் கையால் காட்டினான். ஒரு சாப்பாட்டுப் பாத்திரம் அளவுதான் வந்தது.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது அவனுக்கு. படிகளில் இரண்டிரண்டாக இறங்கினார்; அந்த வயதில் அப்படி இறங்கி அவன் பார்த்ததில்லை. வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் ஓடினார்கள். நாய் குரைத்தது, யாரும் மதிக்கவில்லை என்றதும் நிறுத்திக்கொண்டது. தண்ணீர் டிரம்களுக்கும் பழைய தகரத்துக்கும் பின்னால், துப்புரவு ஆள் ஏறுவதற்கென்று போட்ட இரும்புச் சுருள் படி மேல்மாடிக்குப் போனது. படியின் அடியில், சேற்றில் கால்தடம். வெறுங்கால்.

மேலே கதவு திறந்தே கிடந்தது.

உள்ளே ஒரு மெத்தை, பிரெட் கவர்கள், தண்ணீர் பாட்டில்கள். ஜன்னலோரம் தொட்டியில் இன்ஜினியரின் செடிகள், தவறாமல் தண்ணீர் ஊற்றப்பட்டு, செழிப்பாக இருந்தன. மூலையில் ஊசியும், ரத்தம் காய்ந்த பஞ்சும், காலியான இரண்டு கண்ணாடிக் குப்பிகளும். பல் டாக்டருக்கு ஊசி என்ன புதிதா? தன் கையிலிருந்து தானே எடுத்து, ஹாலில் ஊற்றி, பெண்டாட்டியின் கத்தரிக்கோலுக்கும் கொஞ்சம் தடவியிருக்கிறார்.

மேஜையில் ஒரு நோட்டு விரித்திருந்தது. கொழுந்தன் குனிந்து படித்தான். ஒவ்வொரு பக்கத்திலும் ஸ்கேல் வைத்து நடுவில் ஒரு கோடு. இடதுபக்கம் பவளம். வலதுபக்கம் மனைவி.

'4.20 இரை. நன்றாக எடுத்தது' என்றது இடதுபக்கம். '4.20 பயந்தாள். தொட்டியைப் பார்த்துக் கும்பிட்டாள்' என்றது வலதுபக்கம். 'அலை சீர்.' 'இரவு அழுதாள், நாற்பது நிமிஷம்.' 'புதுக் கிளை விட்டிருக்கிறது.' 'சாப்பிடவில்லை, இரண்டாம் நாள்.' இரண்டுக்கும் ஒரே கையெழுத்து, ஒரே நிதானம். இன்றைய பக்கத்தில் வலதுபக்கக் கடைசி வரியில் இப்படி இருந்தது: 'மாலை 6, கைது. பார்க்க வேண்டும். பிறகு கிளம்பலாம்.'

"விவாகரத்து கேட்டதுக்கா அண்ணி இவ்வளவும்?"

"கேட்டதுக்கு இல்ல. எதிர்வீட்டுக்குக் கேக்கற மாதிரி கேட்டதுக்கு." சர்வேயரம்மாவின் கை நாற்காலியின்மேல் இருந்தது. "இது இன்னும் சூடா இருக்கு. தம்பி, திரையைப் பாரு."

நோட்டுக்குப் பக்கத்தில் சின்னத் திரை ஒன்று நீலமாக ஒளிர்ந்தது. அதில் கீழ் ஹால், விளக்கின் உயரத்திலிருந்து. தொட்டி. சோபா. சத்தமில்லாத படம்.

தொட்டியின்மேல் ஓர் ஆள் குனிந்திருந்தான். தாடி வளர்ந்த முகம் திரையின் பாதியை அடைத்துக்கொண்டு தெரிந்தது. இவர்கள் முன்வாசலில் சிலந்தியோடு பேசிக்கொண்டிருந்த நேரத்தில் அவன் பின்படி வழியாக இறங்கிப் போயிருக்கிறான். பம்பின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, இரண்டு கையையும் முழங்கைவரை தண்ணீருக்குள் விட்டு, கிழிந்த பவளத்தைப் பாறையில் சாய்த்து வைத்துக்கொண்டிருந்தான். முகத்தில் அப்படியொரு பரிவு. காய்ச்சல் கண்ட குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறவன் முகம்.

அவனுக்குப் பின்னால், சோபாவில், அவள் உட்கார்ந்திருந்தாள்.

கேட்டுக்குப் போகவே இல்லை. நிமிர்ந்து, முழங்கால்களைச் சேர்த்து, டாக்டரிடம் முறைக்குக் காத்திருக்கிற நோயாளிபோல உட்கார்ந்திருந்தாள். மடியில் குறுக்காக ஏதோ நீளமாகக் கிடந்தது. துணி வெட்டும்போது வைக்கிற இரும்பு ஸ்கேல்.

அவன் அவளைப் பார்க்கவில்லை. நுழைந்த வேகத்தில் பவளத்தைத் தவிர எதையுமே பார்க்கவில்லை.

திரையில் அவள் எழுந்தாள். சத்தமில்லாமல் சமையலறைப் பக்கம் போய்ப் படத்திலிருந்து மறைந்தாள். திரும்பி வந்தபோது ஒரு கை மூடியிருந்தது. விரலிடுக்கில் பின்கதவுச் சாவி. இன்னொரு கையில் ஸ்கேல். வந்து அவன் முதுகுக்குப் பின்னால் ஓரடி தள்ளி நின்றாள்.

"அண்ணி" என்றான் கொழுந்தன். "இந்தம்மா கேட்டுக்குப் போறேன்னு சொன்னதை நான் நம்பல. சொல்லியிருக்கணும்."

சர்வேயரம்மா ஏற்கெனவே படியில் இருந்தார்.

*

பின்கதவு உள்ளேயிருந்து பூட்டியிருந்தது. முன்கதவும் அப்படியே. கொழுந்தன் தோளால் ஒரு தடவை இடித்தான். கதவு அசையவில்லை, தோள்தான் அசைந்தது. ஹால் ஜன்னல் பாதி திறந்திருந்தது. இருவரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தார்கள்.

டாக்டர் திரும்பிவிட்டார். மணிக்கட்டிலிருந்து உப்புத் தண்ணீர் சொட்டியது. முதுகு தொட்டியோடு ஒட்டியிருந்தது. அவர் நெஞ்சுக்கு நேராக, தொடாமல், இரும்பு ஸ்கேலின் நுனி நின்றது. அதைப் பிடித்திருந்த கை நாளெல்லாம் துணிமேல் நேர்கோடு போடுகிற கை. இம்மியும் நடுங்கவில்லை.

"கதவைத் திறங்கம்மா!" என்று கத்தினார் சர்வேயரம்மா. "நாங்க பாத்துட்டோம். எல்லாத்தையும் பாத்துட்டோம். உங்க மேல இனிமே ஒண்ணும் இல்ல. திறங்க!"

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"பம்ப் நின்னுபோச்சுடி" என்றார் டாக்டர். ஒன்பது நாள் பேசாத தொண்டை, கரகரவென்று வந்தது. அவர் ஸ்கேலைப் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை. அவர் கண் தோளுக்குமேல் தொட்டிக்கே போய்ப் போய் வந்தது. "தண்ணி அசையாம இருந்தா அது செத்துடும். அதை முதல்ல ஓட விடு. மத்ததெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்."

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். ஒன்பது நாள் இவள் அழுததை இவர் பார்த்தார் அல்லவா? இப்போது இவள் முறை. அவசரமே இல்லாமல் பார்த்தாள்.

பிறகு சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு, அந்தக் கையால் போனை எடுத்துக் காதில் வைத்தாள். ஸ்கேல் இறங்கவில்லை.

"இன்ஸ்பெக்டர் சார்ங்களா? ஆறு மணிக்கு வர்றேன்னீங்களே, இப்பவே வாங்க. எங்க வீட்டுக்காரர் கிடைச்சுட்டாரு. ஆமா சார், உயிரோடதான். என் முன்னாலதான் நிக்கிறாரு." ஒரு நொடி எதையோ கேட்டாள். தலையாட்டினாள். "சீக்கிரம் வாங்க சார். லேட்டா வந்தீங்கன்னா, நீங்க எழுதி வச்சிருக்கிற கேஸ் உண்மையாயிடும்."